மின்சாரத்துக்கு இரண்டு சாட்சிகள்

போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும், அவற்றுக்கு மேலே மலைச்சரிவில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களிலும், மோட்டார் ஓடுகிற இடமெல்லாம் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி மாட்டியிருப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டியின் முகத்தில் இரண்டு கண்களைப் போல இரண்டு கண்ணாடிகள் இருக்கும். பழைய பெட்டியானால் கண்ணாடிக்குள் முள் அசையும். புதிய பெட்டியானால் சிவப்பு எண்கள் ஒளிரும். ஒன்று வோல்ட்மீட்டர், மற்றொன்று அம்மீட்டர்.

மோட்டார் போடப் போகிறவர் வோல்ட்மீட்டரை ஒரு தடவை பார்க்கிறார். முள் ஏறி நின்றால், "கரண்டு வந்துவிட்டது" என்று சொல்லிப் பச்சைப் பொத்தானை அமுக்குகிறார். அம்மீட்டரை ஏறிட்டுப் பார்ப்பவர் வெகு சிலரே. அவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு தவறு இருக்கிறது. பொத்தானை அமுக்குவதற்கு முன் வந்திருப்பது கரண்டு அல்ல. மின்சாரம் ஓடுவதற்கு வேண்டிய அழுத்தம் வந்திருக்கிறது. ஓட்டம் இன்னும் தொடங்கவில்லை. அழுத்தத்துக்கு வோல்ட்மீட்டர் சாட்சி. ஓட்டத்துக்கு அம்மீட்டர் சாட்சி. ஒரு சாட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னால் வழக்கு என்ன ஆகும்? அந்தத் தீர்ப்பினால் கோடைக் காலத்தில் மோட்டார்கள் கருகுகின்றன, பயிர் வாடுகிறது. கருவியை மாற்றி இணைத்தாலோ, சில சமயம் மனிதருக்கே ஆபத்து நேர்கிறது. ஆதலால் இந்த இரு கருவிகளும் எங்கே நிற்க வேண்டும், ஏன் அங்கே நிற்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மலைச் சாலை சொல்லும் பாடம்

போடியிலிருந்து மேற்கே போனால் மலையடிவாரத்தில் முந்தல். அங்கே ஒரு சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடையலாம். மலையிலிருந்து இந்தச் சாலையில் இறங்கும் வண்டிகளை மின்சாரமாக எண்ணிக்கொள்வோம்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் இறங்குகின்றன என்று கணக்கெடுக்க வேண்டுமானால் எங்கே நிற்பது? சாலையில்தான் நிற்க வேண்டும். ஒவ்வொரு வண்டியும் சாவடிக்குள் புகுந்து வெளியேற வேண்டும். பக்கத்துத் தோப்பில் உட்கார்ந்துகொண்டு எண்ண முடியாது. அம்மீட்டரின் நிலையும் இதுவே. கம்பியை ஓரிடத்தில் அறுத்து, அறுந்த இரு முனைகளுக்கும் நடுவே அதைச் சேர்க்க வேண்டும். ஓடுகிற மின்சாரம் முழுவதும் அதன் வழியாகவே போக வேண்டும். இதைத் தொடர் இணைப்பு என்று பாடப் புத்தகங்கள் சொல்லுகின்றன.

சாவடியை மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்று கேட்கலாம். நடுவில் கிளைச் சாலை இல்லாவிட்டால் எங்கே வைத்தாலும் கணக்கு ஒன்றுதான். அதேபோல அம்மீட்டர் விளக்குக்கு முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். விளக்குக்குள் போன மின்சாரத்தில் ஒரு பகுதி எரிந்து செலவாகி, மிச்சம்தான் திரும்பி வருகிறது என்று மாணவர்களில் பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. போன ஓட்டம் முழுவதும் திரும்பி வருகிறது. செலவாவது அழுத்தம் கொடுத்த சக்தியே.

இனி உயரத்தைப் பார்ப்போம். "போடிமெட்டு எவ்வளவு உயரம்?" என்று ஒருவர் கேட்டால், "எங்கேயிருந்து?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். போடி நகரத்திலிருந்து பார்த்தால் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் அதைவிட அதிகம். உயரம் என்பது எப்பொழுதும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். மின் அழுத்தமும் அப்படியே. ஒரு கம்பியை மட்டும் தொட்டு அதன் வோல்ட் எவ்வளவு என்று கேட்பதில் பொருள் இல்லை. ஆகவே வோல்ட்மீட்டரின் இரு கம்பிகளும் இரண்டு இடங்களைத் தொட வேண்டும்: விளக்கின் இந்த முனை, அந்த முனை, அல்லது மின்கலத்தின் இந்த முனை, அந்த முனை. சாலையை வெட்ட வேண்டியதில்லை. வண்டிகளை நிறுத்த வேண்டியதில்லை. இதற்குப் பக்க இணைப்பு என்று பெயர்.

சாவடிக்காரர் ஒவ்வொரு வண்டியையும் அரை மணி நேரம் நிறுத்திவைத்தால், எண்ண வந்தவரே போக்குவரத்தைக் குறைத்தவர் ஆவார். ஆதலால் அம்மீட்டரின் தடை மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். உயரம் அளக்க வந்தவர் மேட்டிலிருந்து அடிவாரத்துக்கு இன்னோர் அகலச் சாலையை வெட்டிவிட்டால், வண்டிகள் அதில் புகுந்து இறங்கிவிடும். அவருக்கு ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் நுழையக்கூடிய ஒற்றையடிப் பாதையே போதும். ஆதலால் வோல்ட்மீட்டரின் தடை மிக மிக அதிகமாக இருக்க வேண்டும். அளக்க வந்தவர் அளக்கப்படும் பொருளைக் கெடுக்கலாகாது என்பதே இரண்டுக்கும் பொதுவான தர்மம்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

இவ்வளவு மாறுபட்ட குணமுடைய இரண்டும் ஒரே கருவியிலிருந்து பிறந்தவை என்றால் வியப்பாக இல்லையா? 1820-இல் டென்மார்க் தேசத்து விஞ்ஞானி எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகில் இருந்த காந்த ஊசி அசைவதைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ஆம்பியர் அந்த விசையை ஆராய்ந்து கணக்காக்கினார். ஓட்டத்தின் அளவுக்கு அவர் பெயரே நிலைத்தது. 1800-இல் முதல் மின்கல அடுக்கை வெளியிட்ட இத்தாலிய அறிஞர் வோல்ட்டாவின் பெயர் அழுத்தத்தின் அளவுக்கு வாய்த்தது. 1882-இல் தார்சன்வால் என்னும் பிரெஞ்சுக்காரர் காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றைத் தொங்கவிட்டு, மின்சாரம் ஓடினால் அது திரும்பும்படி செய்தார். 1888-இல் அமெரிக்காவில் வெஸ்டன் அதைக் கையில் எடுத்துச் செல்லத்தக்க உறுதியான கருவியாக்கினார். பள்ளிக்கூட ஆய்வுச்சாலைகளில் உள்ள முள் மீட்டர்கள் அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே.

ஒரு சுருளை எடுத்துக்கொள்வோம். அதன் தடை 50 ஓம். அதில் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓடினால் முள் கடைசி வரை சாய்ந்துவிடும். இதைக் கொண்டு 10 ஆம்பியரை எப்படி அளப்பது? சுருளுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த உலோகப் பட்டையை இணைக்க வேண்டும். அதை ஷண்ட் என்பார்கள். ஓட்டத்தைப் பத்தாயிரம் பங்காக்கினால் 9,999 பங்கு பட்டை வழியே போகும். ஒரே பங்கு சுருள் வழியே போகும். அதற்குப் பட்டையின் தடை சுமார் 0.005 ஓம் இருந்தால் போதும். இப்பொழுது அது அம்மீட்டர்.

அதே சுருளைக் கொண்டு 300 வோல்ட்டை அளக்க வேண்டுமா? பட்டையை எடுத்துவிட்டு, சுருளோடு தொடராக 2,99,950 ஓம் தடையைச் சேருங்கள். மொத்தம் 3 லட்சம் ஓம். இப்பொழுது அது வோல்ட்மீட்டர். இரண்டுக்கும் கண்ணாடி ஒன்று, முள் ஒன்று, சுருள் ஒன்று. தடையிலோ ஒன்றைவிட மற்றொன்று 6 கோடி மடங்கு!

மோட்டார் பெட்டியில் உள்ளவை மாறுதிசை மின்சாரத்துக்கு ஏற்றபடி, பெரும்பாலும் அசையும் இரும்புத் துண்டைக் கொண்டு செய்யப்பட்டவை. அமைப்பு வேறானாலும் நிற்க வேண்டிய இடம் மாறுவதில்லை.

இடம் மாறினால்

வோல்ட்மீட்டரைத் தவறாக வழியில் வைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் இணைப்பில் ஒரு 60 வாட் குண்டு விளக்கும் நமது 3 லட்சம் ஓம் வோல்ட்மீட்டரும் தொடராக இருக்கின்றன. சாலையின் நடுவே ஆட்டுப் பாதை! ஓட்டம் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. விளக்கு எரியாது, மீட்டர் மட்டும் ஏறத்தாழ 230 என்று காட்டிக்கொண்டிருக்கும். வேலை கெடும், விபத்து இல்லை.

அம்மீட்டரைத் தவறாகப் பக்கத்தில் வைத்தால் கதை வேறு. இன்வெர்ட்டருக்குரிய 12 வோல்ட் பாட்டரியின் இரு முனைகளிலும் அதை நேராக வைத்தால், 12-ஐ 0.005-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2,400 ஆம்பியர். பாட்டரியின் உள்தடையும் கம்பிகளின் தடையும் அதைக் குறைக்கும் என்பது மெய்யே. ஆயினும் மிஞ்சுகிற ஓட்டம் மீட்டரைப் பொசுக்கவும், கம்பியைச் சிவக்கக் காய்ச்சவும் போதும். வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் இதைச் செய்தால் நெருப்புப் பொறி கைக்கும் முகத்துக்கும் பாயலாம்.

"அப்படி யார் செய்வார்கள்?" என்று எண்ண வேண்டாம். கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் இந்த இரட்டையரையும் ஒரே டப்பாவில் அடைத்தது. ஆம்பியர் அளப்பதற்காகச் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையில் செருகுகிறோம். வேலை முடிந்ததும் அதை மாற்ற மறந்துவிடுகிறோம். மறுநாள் வோல்ட் பார்க்கலாம் என்று பிளக்கில் வைக்கிறோம். அந்த நேரத்தில் நம் கையில் இருப்பது பக்கத்தில் வைத்த அம்மீட்டர்தான். உள்ளே ஃபியூஸ் இருந்தால் அது போகும். மட்டமான டப்பாவில் ஃபியூஸ் இல்லாவிட்டால் வேறு என்னவெல்லாமோ போகும். ஆம்பியர் பார்த்தவுடன் கம்பியைப் பழைய துளைக்கு மாற்றுவதை ஒரு வழக்கமாகவே கொள்ள வேண்டும்.

சரியான இடத்தில் வைத்தாலும் கருவி பொய் சொல்லக்கூடும். தலா ஒரு லட்சம் ஓம் கொண்ட இரண்டு தடைகளைத் தொடராக இணைத்து 12 வோல்ட் கொடுத்தால், ஒவ்வொன்றின் மேலும் 6 வோல்ட் இருக்கும். ஒன்றின் பக்கத்தில் ஒரு லட்சம் ஓம் தடையுள்ள வோல்ட்மீட்டரை வையுங்கள். அது 4 என்று சொல்லும்! மீட்டரே பாதி ஓட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதால் வந்த வினை இது. ஒரு கோடி ஓம் தடையுள்ள எண் மீட்டரை வைத்தால் 5.97 என்று காட்டும். சாட்சி எவ்வளவுக்கெவ்வளவு ஒதுங்கி நிற்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு உண்மை வெளிவரும்.

பெரிய இடத்திலும் அதே விதி

போடிக்குத் தென்மேற்கே, கூடலூரை அடுத்த லோயர் காம்ப்பில் பெரியாறு மின் நிலையம் இருக்கிறது. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீர் குழாய்களில் விழுந்து 1958 முதல் அங்கே மின்சாரம் தருகிறது. பல ஆயிரம் வோல்ட், பல நூறு ஆம்பியர் ஓடும் அத்தகைய இடங்களில் சுவரில் உள்ள சிறு மீட்டரை நேரே இணைக்க முடியுமா? முடியாது. அதற்காக இரண்டு தூதர்களை வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தின் தூதர் சி.டி.; பெருங்கம்பி அதன் இரும்பு வளையத்தின் வழியே போகிறது; பல நூறு ஆம்பியருக்குப் பதிலாக அதே விகிதத்தில் 5 ஆம்பியரையோ ஓர் ஆம்பியரையோ அது மீட்டருக்கு அனுப்புகிறது. அழுத்தத்தின் தூதர் பி.டி.; அது பக்கத்தில் நின்று, பல ஆயிரம் வோல்ட்டை 110 வோல்ட்டாகக் குறைத்துச் சொல்கிறது.

மின் நிலையத்தில் வேலை கற்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் எச்சரிக்கை ஒன்று உண்டு: பெருங்கம்பியில் ஓட்டம் இருக்கும்போது சி.டி.யின் மீட்டர்ப் பக்கத்தைத் திறந்து விடாதே, பி.டி.யின் மீட்டர்ப் பக்கத்தை ஒன்றோடொன்று சேர்த்து விடாதே. முன்னதைத் திறந்தால் உயிரை வாங்கும் அழுத்தம் எழும். பின்னதைச் சேர்த்தால் பெரும் ஓட்டம் பாய்ந்து அதை எரித்துவிடும். வழியில் நிற்பதை அறுக்கலாகாது. பக்கத்தில் நிற்பதை முட்டவிடலாகாது. அந்தச் சிறு மீட்டரின் விதியே மலையளவாக வளர்ந்து இங்கே நிற்கிறது.

ஊர் எலெக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருக்கும் டாங் டெஸ்டரும் சி.டி.யின் உறவினரே. அதன் வாயைத் திறந்து கம்பியைச் சுற்றிக் கவ்வவிட்டால் போதும். கம்பியை அறுக்காமலே ஆம்பியர் தெரியும். ஒரே ஒரு கம்பியைத்தான் கவ்வ வேண்டும். போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் இரண்டும் எதிரெதிராகிப் பூஜ்யம் காட்டும்.

ஓட்டமும் அழுத்தமும் எவ்வளவு வேறானவை என்பதற்கு நம் வட்டாரத்தோடு தொடர்புடைய உதாரணம் ஒன்று உண்டு. போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்துக்கு அருகே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்ததால் மலையைக் குடையும் வேலை நடைபெறவில்லை. ஆனால் அதன் சிறு மாதிரி ஒன்று, 85 டன் இரும்புடன், மதுரையில் 2018 முதல் இயங்கி வந்திருக்கிறது. அந்த இரும்பைக் காந்தமாக்கும் சுருளில் ஓடுவது சுமார் 900 ஆம்பியர். அதற்கு வேண்டிய அழுத்தமோ சொற்பம். அதே இயந்திரத்தில் துகளைக் கண்டறியும் கண்ணாடிப் பலகைகளுக்குக் கொடுப்பது சுமார் 10,000 வோல்ட்; அவற்றில் கசியும் ஓட்டமோ ஓர் ஆம்பியரில் நூறு கோடியில் சில நூறு பங்குகள் என்ற அளவில்தான். ஒன்று பெருகினால் மற்றதும் பெருகியே தீரும் என்று எண்ணுபவர்களுக்கு இது நல்ல பதில்.

இரு சாட்சிகளையும் சேர்த்து விசாரித்தல்

இனி மோட்டார் பெட்டிக்கு வருவோம். 1937-இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நம் நாட்டிலேயே மின் மோட்டாரைச் செய்து காட்டினார்கள். அதன் பிறகு கவலை இழுத்த கிணறுகளில் எல்லாம் மோட்டார் இறங்கிவிட்டது. விவசாய இணைப்புகளில் கட்டணக் கணக்கு மீட்டர் இல்லாதவை பல. ஆதலால் அந்த இரு முட்களைத் தவிர தோப்புக்காரருக்கு வேறு சாட்சி இல்லை.

வோல்ட்மீட்டர் தனியே ஏமாற்றுவது எப்படி என்பதைப் பாருங்கள். கம்பத்திலிருந்து கிணறு வெகு தூரம். போக வரக் கம்பியின் தடை 3 ஓம். மோட்டார் நிற்கும்போது ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாவிட்டால் கம்பியில் அழுத்தம் விழாது. வோல்ட்மீட்டர் 230 என்று நிமிர்ந்து நிற்கும். மோட்டாரைப் போட்டு 10 ஆம்பியர் ஓடத் தொடங்கியதும், 10-ஐ 3-ஆல் பெருக்க, 30 வோல்ட் கம்பியிலேயே விழுந்துவிடுகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 200. 1827-இல் ஜெர்மானிய ஆசிரியர் ஓம் வெளியிட்டதும், இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்பதும் ஆகிய விதியின்படி நடப்பது இது. ஆகவே ஓடும்போது காட்டும் வோல்ட்டே நம்பத்தக்க வோல்ட்.

அழுத்தம் குறைந்தால் மோட்டார் மெதுவாக ஓடிச் சமாளிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். தண்ணீர் இறைக்கும் வேலை அப்படியே இருப்பதால், குறைந்த அழுத்தத்துக்கு ஈடாக அது அதிக ஓட்டத்தை இழுத்துக்கொள்கிறது. மூன்று பேஸில் ஓடும் 5 குதிரைச் சக்தி மோட்டார் சுமார் ஏழரை ஆம்பியர் எடுக்கும். அது 9 ஆனால், ஓட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடிற்று. ஆனால் சுருளில் உண்டாகும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் வெப்பம் 44 சதவீதம் ஏறிவிடும். காயில் கருகுவது இப்படித்தான்.

வோல்ட் சரியாக இருந்தும் ஆம்பியர் கூடினால், பம்பில் மணலோ பேரிங்கில் கோளாறோ இருக்கிறது. வோல்ட் சரியாக இருந்தும் ஆம்பியர் வழக்கத்துக்குக் குறைந்தால், கிணற்றில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தண்ணீராலேயே குளிர்ந்து வாழும் நீர்மூழ்கி மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும். மூன்று பேஸில் ஒன்று அறுந்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அறுந்த பேஸிலும் தானே ஓர் அழுத்தத்தை உண்டாக்கி வோல்ட்மீட்டரை ஏமாற்றிவிடும். அம்மீட்டர் ஏமாறாது: அறுந்த கம்பியில் பூஜ்யம், மற்ற இரண்டில் ஒன்றரை மடங்குக்கு மேல். ஆனால் அம்மீட்டர் பெரும்பாலும் ஒரு பேஸில் மட்டுமே இருக்கும் என்பதை மறக்கலாகாது. அது பூஜ்யம் காட்டினாலும் ஆபத்து, எகிறினாலும் ஆபத்து.

ஏலக்காய் ஸ்டோரிலும் இதே கணக்குத்தான். காயை உலர்த்த இதமான சூடு இரவு பகலாகச் சீராகப் பரவ வேண்டும். மின்விசிறியால் காற்றைப் பரப்பும் ஸ்டோரில் அந்த மோட்டார் நள்ளிரவில் நின்றால், காயின் பச்சை நிறம் வெளுத்துவிடும். போடி ஏல மையத்தில் விலை சொல்லுகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பச்சையைத்தான். மோட்டார் நிற்பதற்குச் சில மணி நேரம் முன்பே அம்மீட்டர் ஏறத் தொடங்கியிருக்கக்கூடும். அதைப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

நேயர்கள் செய்யக்கூடியது மிக எளிது. மின் பெட்டியைத் திறப்பதும் கம்பியை மாற்றுவதும் பயிற்சி பெற்றவர் வேலை. மின்சாரத்தை நிறுத்தாமல் அம்மீட்டரைச் சேர்க்க அவரும் துணியக் கூடாது. ஆனால் படிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மோட்டார் புதிதாகவோ நல்ல நிலையிலோ ஓடுகிற ஒரு நாளில், அது ஓடும்போது காட்டும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெட்டியின் கதவில் பெயின்டால் எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் பொத்தானை அமுக்கிவிட்டு, ஒரு நிமிஷம் நின்று, இரண்டு முட்களையும் அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பரீட்சைக்குப் படித்த தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் அவர்களுக்கு அங்கே நன்றாக விளங்கிவிடும்.